குப்பை அகற்றும் வேலையையும் ஓட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்வர் பராமரிப்பது என் தொழில். விண்டோஸ் சர்வரில் ஒரே தரவு பல பிரதிகளாக இடத்தை அடைத்துக்கொண்டால், டீடூப்ளிகேஷன் அதை ஒன்றாக்கிவிடும். பலர் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஸ்டார்ட்-டீடூப்ஜாப் கட்டளையை, பிரதிகளை ஒன்றாக்கும் ஆப்டிமைசேஷன் வகையோடு ஓட்டிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அப்புறம், பெரிய கோப்புகளை அழித்தும் இடம் கூடவில்லையே என்று என்னிடம் வருகிறார்கள். எப்படிக் கூடும்? டீடூப்ளிகேஷன் கோப்புகளைத் துண்டுகளாக்கித்தான் சேமிக்கிறது. கோப்பு போனாலும் அதன் துண்டுகள் அப்படியே கிடக்கும்; எந்தக் கோப்புக்கும் தேவைப்படாத துண்டுகளை அகற்றும் கார்பேஜ் கலெக்‌ஷன் ஓடினால்தான் இடம் விடுபடும். வழக்கமான அமைப்பில் அது வாரம் ஒருமுறைதான் ஓடும். அவசரமென்றால் அதே கட்டளையில் வகையை மட்டும் மாற்றி நாமே ஓட்டலாம். எவ்வளவு முடிந்தது என்பதை கெட்-டீடூப்ஜாப் கட்டளை காட்டும்.

துண்டுகள் கெட்டிருக்கின்றனவா என்று சோதிக்கும் ஸ்க்ரப்பிங் வேலையையும் தயவுசெய்து நிறுத்தி வைக்காதீர்கள். ஒரே துண்டைப் பல கோப்புகள் பகிர்ந்துகொள்வதால், அது கெட்டால் அத்தனை கோப்புக்கும் ஆபத்து. உங்கள் கணினிப் பக்கத்தில் இதை விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

– சர்வர் நிர்வாகி ஒருவர்