பின் ஷாக்கை இறுக்கும் முன் டேப்பை எடுங்கள்

பெங்களூரு ஜே.சி. ரோடு, கலாசிபாளையம், சிவாஜிநகர் பட்டறைகளில் டர்ட் பைக் வேலை பார்க்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். "பின்னாடி தூக்கி அடிக்குதுண்ணா" என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், எடுத்த எடுப்பில் ஸ்பிரிங்கை இறுக்காதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல். என் வண்டிக்கு ஒரு பட்டறையில் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் இறுக்கத்தை, ஏற்றிக்கொண்டே போனார்கள். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தரையில் பாவவே இல்லை. ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது, வண்டியின் பின்பக்கம்தான் உயரும்.

ஸ்டாண்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஆக்சிலிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் ஒரு குறி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு தரையில் இறக்கி, ஆள் ஏறாமல் ஒருமுறை. கடைசியாக, பூட்ஸ், ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிய ஆளை ஃபுட்பெக்கில் நிற்கவைத்து ஒருமுறை. முதல் அளவிலிருந்து மற்ற இரண்டையும் தனித்தனியே கழித்தால், வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். அதுதான் ஸேக். சுமார் 300 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம்) உள்ள மோட்டோகிராஸ் வண்டி ஆளோடு 100 முதல் 105 மி.மீ. இறங்க வேண்டும், தனியாக 30 முதல் 40. நம் ஊரில் அதிகம் ஓடும் எக்ஸ்பல்ஸ் 200-க்குப் பின்னால் 170 மி.மீ.தான். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வைத்தால் போதும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். இறுக்கி இறுக்கி ஆளோடு 105-க்குக் கொண்டுவந்தாயிற்று, ஆனால் வண்டி தனியாக நிற்கும்போது 15 மி.மீ.கூட இறங்கவில்லை. பார்த்தால் ஸ்பிரிங் கடினம் என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த ஆளின் எடைக்கு அது மெலிசு. அதனால்தான் அவ்வளவு இறுக்க வேண்டியிருக்கிறது. மாறாக, ஆளோடு அதே 105 இருந்து, தனியாகவே 50 இறங்கினால் ஸ்பிரிங் அவருக்குக் கடினம். இரண்டுக்கும் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும், திருகிப் பயனில்லை.

ஸேக் சரியான பிறகே ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி நீளும் வேகத்தை, தொடுங்கள். அது மிக மெதுவாக இருந்தால், வரிசையாக வரும் மேடுகளில் ஷாக் திரும்பி நீள்வதற்குள் அடுத்த அடி விழும். பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போய்க் கட்டை மாதிரி இடிக்கும். அதைக் கடினம் என்று நினைத்து கம்ப்ரெஷனை (ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை) தளர்த்தினால் இன்னும் மோசமாகும். ரீபவுண்ட் திருகை இரண்டிரண்டு கிளிக்காக மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷாக்கைப் பின்சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்கேஜின் பேரிங்கையும் கழற்றிப் பாருங்கள். மழையில் செம்மண் புகுந்து கிரீஸ் காய்ந்திருந்தால் நீங்கள் எடுத்த அளவே பொய்யாகிவிடும்.

ஜாப் கார்டில் ஆளின் எடை, இரண்டு ஸேக் அளவு, கிளிக் எண்ணிக்கை, இவற்றை எழுதிக் கொடுங்கள். அளப்பதற்கும் கூலி கேளுங்கள், தாராளமாகத் தருகிறோம்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு ரைடர்