மேற்கோள் போதாது என்று எழுதிய பதவி உயர்வுக் குழுவினருக்கு

மதிப்புக்குரிய குழுவினரே,

எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதப் போவதில்லை, கொழும்பில் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். கண்ணும் மூளையும் எப்படிப் பார்க்கின்றன என்ற காட்சி நரம்பியலில் ஆய்வு செய்கிற எங்கள் மிஸ்ஸின் பேராசிரியர் விண்ணப்பத்தை, மேற்கோள் போதாது, அதாவது அவருடைய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் குறிப்பிட்டது போதாது, என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பினீர்கள். அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். அவர் எழுதச் சொல்லவில்லை, தெரிந்தால் ஏசுவார்.

முதலில் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, ஆனால் சஞ்சிகைகளின் படிவத்தில் அந்தப் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாது. கல்யாணத்துக்கு முன் வந்த கட்டுரைகளில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது, பிறகு வந்தவற்றில் கணவரின் பெயர், நடுவில் வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவர் அனுப்பிய கட்டுரையில் மிஸ்ஸின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ஆக, மேற்கோளை எண்ணும் தரவுத்தளத்தில் மூன்று பேர். நீங்கள் தேடிப் பார்த்தது அதில் ஒருவரை. இதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டால், கணக்கைப் பாருங்கள்: 20 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 20 மேற்கோள் என்றால் எச்-இண்டெக்ஸ் என்ற எண் 20 (20 கட்டுரைகளுக்குத் தலா 20 மேற்கோளாவது இருக்கிறது என்று பொருள்). அதே ஆளை இரண்டு பெயரில் பத்துப் பத்தாகப் பிரித்தால் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 10தான். வேலை ஒன்றும் குறையவில்லை, எண் மட்டும் பாதியாகிவிட்டது. இந்தக் குழப்பத்துக்காகத்தான், பெயர் எப்படி மாறினாலும் மாறாத ஆய்வாளர் அடையாள எண்ணாக, 2012இல் ஓர்கிட் எண் வந்தது. தமிழ்ப் பெண் ஆய்வாளர் யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார், குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சரி, பெயரைச் சேர்த்தாயிற்று என்றே வையுங்கள். அந்த எச்-இண்டெக்ஸை மட்டும் பார்த்தால் போதுமா? எச்-இண்டெக்ஸை 2005இல் கொண்டு வந்த ஹேர்ஷ் ஓர் இயற்பியலாளர். ஒரு மனிதரின் வேலையை ஒற்றை எண் தோராயமாகத்தான் காட்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதி வைத்தவர், 2020இல் அது படுமோசமாகத் தவறவும் கூடும் என்று அவரே ஒப்புக்கொண்டார். உண்டாக்கியவருக்கே இல்லாத நம்பிக்கை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

அதிலும் இந்தத் துறை ஒரு மாதிரி. தவளையின் விழித்திரை வெளிச்சத்தை அப்படியே மூளைக்கு அனுப்புவதில்லை, அசைகிற சின்னக் கரும்புள்ளி போன்றவற்றை அங்கேயே பிரித்தெடுத்துத்தான் அனுப்புகிறது என்று லெட்வினும் அவர் கூட்டாளிகளும் 1959இல் காட்டினார்கள். இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் அந்தக் கட்டுரை வந்தது வானொலிப் பொறியியலாளர்களின் சஞ்சிகையில். உங்கள் புள்ளித் திட்டத்தில் அதற்குப் பிற துறை என்று வெட்டு விழுந்திருக்கும். அதே வருடம் ஹூபலும் வீசலும் பூனை மூளையின் தனிக் கலங்களைப் பற்றி எழுதியதற்கு நோபல் பரிசு கிடைத்தது 1981இல். நீங்கள் கடைசி ஐந்து வருடக் கணக்கைத்தான் கேட்கிறீர்கள். மறுபக்கம், பார்வைப் பரிசோதனைக்கான சைக்டூல்பொக்ஸ் என்ற மென்பொருளைப் பற்றி பிரெய்னார்ட் 1997இல் எழுதிய கட்டுரை நாலே பக்கம், மேற்கோள் பத்தாயிரத்துக்கும் மேல். அந்த மென்பொருளை வைத்துப் பரிசோதனை செய்கிறவர் எல்லோரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் கருவிக்கு விழும் மேற்கோளும் கண்டுபிடிப்புக்கு விழும் மேற்கோளும் உங்கள் தாளில் ஒரே கூட்டல்தானே?

எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புத் துணி போட்ட ஜன்னல், நாடி வைக்க ஒரு தாங்கி, பழைய டிவி மாதிரியான குழாய்த் திரை ஒன்று. அந்தத் திரையை எறிந்துவிட்டுப் புதுசு வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: மில்லிசெக்கன் கணக்கில் படம் தோன்றி மறைய வேண்டும், அதில் இது சாதாரண எல்சிடியைவிட நம்பகமானது. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் வெளிச்சத்தை அளந்து சரி பார்க்க வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் பாதி அமர்வில் திரை அணைந்தால் அந்த ஆளின் தரவு முழுவதும் குப்பைக்கு. பெரிய சஞ்சிகையில் எல்லோரும் இலவசமாக வாசிக்கும்படி போடலாமே என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். நேச்சர் சஞ்சிகை 2021இல் அதற்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. அதைப் பல்கலைக்கழகம் கட்டுமா, இல்லை மிஸ் நகையை அடகு வைக்க வேண்டுமா?

நாங்கள் கேட்பது சலுகை இல்லை. மூன்று பெயரையும் ஒருவராக எண்ணுங்கள். அவரே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் மூன்று கட்டுரைகளைக் குழுவில் ஒருவராவது முழுக்க வாசியுங்கள், அப்புறம் பார்வை பற்றி ஆய்வு செய்கிற வெளி ஆள் ஒருவரிடம் கருத்துக் கேளுங்கள். மேற்கோள் எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, பாருங்கள், எந்தத் தரவுத்தளத்தில் என்றைக்குப் பார்த்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். கூகுள் ஸ்கொலர், ஸ்கோபஸ் என்ற இரண்டு தரவுத்தளமும் ஒரே எண்ணைத் தருவதில்லை.

அவருடைய ஓர்கிட் எண் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
மிஸ்ஸின் பழைய மாணவன் ஒருவன்
வெள்ளவத்தை, கொழும்பு