விடை தெரிந்த வேலையைக் கொடுத்துப் பார்

அன்பு மச்சான்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே தண்டையார்பேட்டையில் எல்லோரும் சுகம்.

உன்னிடம் வேலை செய்யும் பசங்களுக்குக் கோட் எழுத எந்த ஏஐ வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். விலையைப் பார்த்து முடிவெடுக்காதே. உனக்கு விடை தெரிந்த ஒரு வேலையைக் கொடுத்துப் பார்.

மணலி, மாதவரம் பக்கத்து கன்டெய்னர் யார்டுகளுக்கு நாங்கள் சாஃப்ட்வேர் செய்கிறோம் அல்லவா? யார்டு வாசலுக்குள் வண்டி வந்ததும் கன்டெய்னர் நம்பர் சரியா என்று பார்க்க வேண்டும். நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கத்தை அதற்கு முன்னால் உள்ள நான்கு எழுத்து, ஆறு இலக்கத்திலிருந்து கணக்கிடலாம். எழுத்துகளுக்கு 10-லிருந்து மதிப்பு போடும்போது 11, 22, 33 மூன்றையும் விட்டுவிட வேண்டும். 'ஏ'வுக்கு 10, 'பி'க்கு நேராக 12. இதைத்தான் கொடுத்தேன்.

ஒரு ஏஐ அழகாக எழுதித் தந்தது. ஐஎஸ்ஓ 6346 என்று விதியின் பெயரையும் மேலே போட்டிருந்தது. ஆனால் 'பி'க்கு 11! அதைவிட மோசம், கோட் சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டையும் அதே எழுதியது. தன் தப்புக் கணக்கில் வந்த விடையையே சரியான விடை என்று வைத்ததால் எல்லாம் பாஸ். அதனால் டெஸ்ட்டுக்கான விடையை மட்டும் நீங்களே கொடுங்கள். சி எஸ் க்யூ யூ 305438 என்றால் கடைசியில் 3 வர வேண்டும்.

கோட் எழுதும் ஏஐகளில், கோபைலட் நீங்கள் இப்போது வைத்திருக்கும் எடிட்டரிலேயே உட்காரும். கர்சர், விஎஸ் கோட் என்ற எடிட்டரிலிருந்து பிரித்துச் செய்த தனி எடிட்டர். கிளாட் கோட், கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினலில் ஓடி, பல ஃபைல்களைத் தானே மாற்றும். பசங்க புதுசு என்பதால் முதலில் வரி வரியாகப் படித்து ஏற்கிற மாதிரி வை. மொத்தமாக மாற்ற விட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், அவர்கள் தொழில் கற்பது அங்கேயே நின்றுவிடும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

கிளையன்ட் கோட் வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால், ஏஐயை நம் மெஷினிலேயே ஓட்ட உதவும் ஒல்லாமாவில், கோட் எழுதும் க்வென் கோடர் மாடலைப் போட்டு ஓட்டு. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியிருக்கும்.

வேகம் கூடியதா என்று பசங்களைக் கேட்காதே, நேரத்தைக் குறித்து வை. 2025-இல் மீட்டர் என்ற அமைப்பு கோட் எழுதுவதில் அனுபவமுள்ள 16 பேரை வைத்துப் பார்த்ததில், ஏஐயோடு வேலை 19 சதவீதம் அதிக நேரம் எடுத்தது. அவர்களோ 20 சதவீதம் குறைந்ததாக நம்பினார்கள்.

பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டு வா. சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவில் நேரே தண்டையார்பேட்டை. உன் கோடிலேயே சேர்ந்து ஓட்டிப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
உன் மச்சான்