சினிமாவுக்குப் பாடியவர் ராப் கலைஞர் அல்லரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

இரு வாரங்களுக்கு முன்னர் தங்கள் வாசகர் பக்கத்தில் அக்கரைப்பற்று இளைஞர் ஒருவர் எழுதிய கடிதத்தை என்னுடைய உயர்தர வகுப்பு மாணவர்கள் வெட்டி எடுத்துவந்து என் மேசையில் வைத்தார்கள். சினிமாவுக்குப் பாடிய எவரையும் ராப் கலைஞர் என்று அழைக்கக் கூடாது என்பதும், சினிமாவையும் பெரிய நிறுவனங்களையும் சாராத ‘அண்டர்கிரவுண்ட்’ ராப் மட்டுமே உண்மையானது, மற்றவை வியாபாரம் என்பதும் அவருடைய வாதம். வகுப்பு அன்றைக்கே இரண்டாகப் பிரிந்துவிட்டது. யாப்பிலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நாற்பது நிமிடம் அவர்கள் பேசியதை நான் தடுக்கவில்லை, இறுதியில் “நீங்கள் என்ன சொல்றீங்க, ரீச்சர்?” என்று கேட்டார்கள். இருபத்தொரு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நான் அவர்களுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாகத் தங்கள் பத்திரிகை வாயிலாகவும் சொல்ல விரும்புகிறேன்.

வெகுசன ராப், அண்டர்கிரவுண்ட் ராப் என்ற பிரிவினை ஒரு பாட்டு எந்த வழியாக நம் காதுக்கு வந்தது என்பதைத்தான் சொல்கிறது. பாட்டின் தரத்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. ராப்பின் தாய்வீடான ஹிப்ஹொப் பிறந்த கதையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1973 ஓகஸ்ட் 11 ஆந் திகதி நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்க அடுக்குமாடிக் கட்டடத்தில், ஜமெய்க்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹேர்க் தம் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்ததே அவருடைய கண்டுபிடிப்பு. ஆறு ஆண்டுகள் கழித்து, 1979 இல், ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற இசைத்தட்டை ஷுகர்ஹில் நிறுவனம் வெளியிட்டபோது, தெருவில் பாடிவந்தவர்கள் பலர் அதைத் தங்களுடையதாக ஏற்கவில்லை. நிறுவனம் ஆட்களைச் சேர்த்துக் கட்டிய குழு என்றும், அதில் ஒருவர் பாடிய வரிகள் வேறொருவர் எழுதியவை என்றும் அவர்கள் சொன்ன குறை நியாயமானதுதான். ஆனால் வறுமையையும் உடைந்துபோன நகரத்தையும் பாடி, ராப் பாட்டால் சமூகத்தைப் பேச முடியும் என்று உலகுக்குக் காட்டிய ‘த மெசேஜ்’ 1982 இல் வெளியானதும் அதே நிறுவனத்திலிருந்துதான். ஒரே கடையில் விற்ற இரண்டு சரக்குகளில் ஒன்று வெறும் கொண்டாட்டம், மற்றது சாட்சியம் என்றால், கடையின் பெயரை வைத்து நாம் எதைத் தீர்மானிப்பது?

அண்டர்கிரவுண்டின் பெருமையை நான் மறுக்கவில்லை. எம்.எப். டூம் என்ற பெயரில் பாடிய டானியல் டுமிலே 1993 இல் தம்பியை இழந்தார். அடுத்த ஆண்டு பெரிய இசை நிறுவனம் அவருடைய குழுவைக் கைவிட்டது. சில ஆண்டுகள் காணாமற் போயிருந்த அவர் முகத்தை உலோக முகமூடியால் மறைத்துக்கொண்டு, 1999 இல் சிறு நிறுவனமொன்றின் வழியாகத் திரும்பி வந்தார். வரிக்குள் வரி வைத்துப் பின்னும் அவருடைய சொல்லாட்சியைப் பெரிய நிறுவனம் எதுவும் அன்று விலைக்கு வாங்கியிராது. மறுபக்கத்தில் கென்ரிக் லமார் பெரிய நிறுவனங்களோடு பாடி, உலகெங்கும் விற்று, 2018 இல் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். மேலைச் செவ்வியல் இசைக்கும் ஜாஸ் இசைக்கும் வெளியே அந்தப் பரிசு சென்றது அதுவே முதல் தடவை. இவ்விருவரில் ஒருவரைத் தள்ளினால்தான் மற்றவரை ஏற்கலாம் என்று ஏன் நினைக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

தமிழுக்கு வந்தால் இந்தக் கோடு இன்னும் மங்கிப்போகிறது. எங்கள் தலைமுறை ‘ராப்’ என்ற சொல்லையே சினிமாவில்தான் கேட்டது. 1994 இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பற்றரியில் ஓடிய வானொலிப் பெட்டியில் ஒலித்தபோது, அது என்ன வகைப் பாட்டு என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. அதே காலப்பகுதியில் மலேசியாவில் ‘பொயட்டிக் அமோ’ குழு உருவாகி, அதிலிருந்து வந்த யோகி பி, நட்சத்திரா குழுவினரோடு 2006 இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார். சினிமாவுக்கு வெளியே தமிழ் ராப் தன் காலில் நின்ற தொகுப்பு என்று இன்றைக்கும் அதைத்தான் காட்டுகிறார்கள். அதில் எல்லோர் வாயிலும் நின்ற ‘மடை திறந்து’ எங்கிருந்து வந்தது? 1980 இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டிலிருந்து. சினிமாவைத் தொடாத தூய ராப்பைத் தேடும் அந்த இளைஞர் இதை எந்தப் பக்கத்தில் வைப்பார்? ஹிப்ஹொப் தமிழா ஆதியும் ஜீவாவும் முதலில் தனித் தொகுப்பு வெளியிட்டு, 2015 இல் திரைப்பட இசையமைப்பாளர்களானவர்கள். அவர்களுடைய பிந்திய திரைப்பாடல்கள் பலவற்றில் எனக்கு மனம் ஒட்டவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் சினிமா அல்ல. ஒரே எதுகையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பதே.

ராப் பாடகர் அறிவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரக்கோணத்திலிருந்து வந்து, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடி, 2019 இல் ‘தெருக்குரல்’ வெளியிட்டு, சினிமாவுக்கும் எழுதியவர் அவர். 2021 மார்ச்சில் அவர் எழுதி, பாடகி தீயுடன் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ சினிமாப் பாட்டன்று. ஆயினும் சினிமாப் பாட்டுகள் பல எட்டாத இடங்களை எட்டியது. அதன் வேர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலும், ஒப்பாரியின் ஓசையிலும் இருக்கிறது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேற்றப்பட்ட குடும்பங்களின் கதையைப் பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாகப் படித்த என் மாணவர்கள், அந்தப் பாட்டைக் கேட்ட பின்னர்தான் அது மனிதர்களுக்கு நேர்ந்தது என்று உணர்ந்தார்கள். இதனை வெகுசனம் என்று ஒதுக்கவும் முடியாது. அண்டர்கிரவுண்ட் என்று பெட்டியில் பூட்டவும் முடியாது.

இந்த விவாதம் மட்டக்களப்புக்குப் புதிதுமன்று. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி, ஊரார் சுற்றியிருந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். அன்று மாணவராக அதில் ஆடிய சி. மௌனகுரு பின்னர் எங்கள் மண்ணில் பேராசிரியராக அந்தப் பணியைத் தொடர்ந்தார். வடமோடிக் கூத்தில் அருச்சுனன் வேடம் கட்டிய என் தந்தையார் அந்தச் சுருக்கத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை, “விடியாமல் கூத்து முடியுமா?” என்று கேட்பார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஊரே சுற்றியிருந்து, இடையிடையே உறங்கி விழித்து, பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துப் பார்த்த கூத்தின் உயிர் மின்விளக்கு மேடையில் முழுதாக வரவில்லை. ஆனால் கூத்து என்றால் படியாதவர்களின் பொழுதுபோக்கு என்று முகம் சுளித்த நகரத்துப் படித்தவர்களை எழுந்து நிற்க வைத்ததும் அந்த மேடைதான். பின்னர் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் சீலாமுனையில் ஊர்மக்களோடு அமர்ந்து, கூத்தை ஊரிலேயே ஊராரே மீளுருவாக்கம் செய்யும் வழியைத் தொடங்கினார்கள். மேடையும் வேண்டும், களரியும் வேண்டும் என்பதை அறுபது ஆண்டுக் கூத்து வரலாறு எங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ராப் பாடும் பிள்ளைகள் அதைத் தொடக்கத்திலிருந்து மறுபடியும் சண்டையிட்டுக் கற்க வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் கவலை தரும் விடயம் வேறு. எங்கள் பிள்ளைகள், சினிமா ராப்பை விரும்புவோரும் சரி, அதை வெறுப்போரும் சரி, வாயைத் திறந்தவுடன் சென்னைத் தமிழ் பேசுகிறார்கள். வட்டையில், அதாவது வயல்வெளியில், வளர்ந்த பையன் ‘மச்சி, கெத்து, மாஸ்’ என்று பாடுகிறான். அவனுடைய கைத்தொலைபேசியில் ஆயிரம் அண்டர்கிரவுண்ட் பாட்டுகள் இருக்கலாம். இரவல் வாயால் பாடும்வரை அவன் பாடுவது தன் பாட்டு ஆகாது. சென்னைத் தமிழில் எனக்குப் பகையில்லை. அறிவு அதில் பாடும்போது அது அவருடைய தெரு. எங்கள் பிள்ளை பாடும்போது அது எங்கோ கேட்ட குரலாகிவிடுகிறது.

இதற்கு விதிவிலக்காக ஒரு மாணவனைக் கண்டேன். மாரி வெள்ளத்தில் வேளாண்மை அழிந்த ஆண்டு, தமிழ்த் தினப் போட்டியன்று, அவன் எழுதிப் பாடிய வரிகள் இவை:

வட்டைக்குள்ள வெள்ளம், வாடிக்குள்ள பாம்பு,
மறுகா வந்த கடன்காரன் கையில ஒரு கம்பு.

முதலடியில் வகர மோனை இருக்கிறது. அடியிறுதிகளில் இயைபு இருக்கிறது. வட்டை, வாடி (குடில்), மறுகா (பிறகு) என்று மூன்று சொற்கள் எங்கள் மண்ணை அப்படியே தூக்கி வருகின்றன. இரண்டே வரியில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு முழுதும் அடங்கிவிட்டது. ஆனால் எட்டாவது வரி வருமுன்னரே ஒலிவாங்கி நிறுத்தப்பட்டது. இது தமிழ்த் தினத்துக்கு உகந்ததன்று என்று மேடையிலிருந்த பெரியவர் ஒருவர் சொல்ல, பிள்ளை தலைகுனிந்து இறங்கிப் போனான். நானும் அன்று எழுந்து பேசவில்லை. அந்த மௌனம் இன்றுவரை என்னை வருத்துகிறது. அவனுடைய பாட்டை நிறுத்தியது சினிமாவுமன்று, இசை நிறுவனமுமன்று, நாங்கள்தான்.

மோனையையும் இயைபையும் சொன்னதும், திருப்புகழே தமிழின் முதல் ராப் என்று பெருமை பேசுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. திருப்புகழில் சந்தம் பாட்டுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. எவர் சொன்னாலும் சொற்கள் அந்த அச்சிலேயே விழும். ராப்பில் தாளம் வெளியே மாறாமல் ஓடிக்கொண்டிருக்க, பேச்சு அதற்கு முந்தியும் பிந்தியும் சறுக்கி விளையாடுகிறது. பிள்ளைகள் ‘ஃப்ளோ’ என்று சொல்வது இதனைத்தான். இதற்கு எங்களிடம் நெருங்கிய உறவு தேடினால், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு சொல்லும் தாளக்கட்டிலும், ஊர் இரு பக்கமாகப் பிரிந்து ஆடும் கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் ஒருவரையொருவர் வசைபாடும் பாட்டிலும், அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் பெண்கள் சொன்ன கவிகளிலும் தேடலாம். கவியில் கேள்விக்குப் பதில் அந்த இடத்திலேயே பிறக்கும். சொல்லத் தெரியாதவர் தோற்பார். இன்றைய பிள்ளைகள் ‘பாட்டில்’ (battle) என்று நடத்தும் சொற்போர் அதற்கு அந்நியமானதன்று.

யாரைக் கேட்கலாம் என்று மாணவர்கள் என்னிடம் கேட்டார்கள். தங்கள் இளம் வாசகர்களுக்கும் அதையே சொல்கிறேன். ஷான் வின்சென்ட் டி போலைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த அவர், யஞ்சன் வாசிக்கும் மிருதங்கத்தோடு மட்டும் பாடிய ‘மிருதங்கம் ராப்ஸ்’ தொடரில், ஒவ்வொரு சொல்லும் மிருதங்கத்தின் விரலோடு போட்டிபோடுவதைக் கேட்கலாம். அதே கலைஞரும் நவ்ஸ்-47 என்ற பெண் கலைஞரும் 2021 இல் ‘சார்பட்டா பரம்பரை’யில் பாடினார்கள், அதனால் அவர்களுடைய சொல் கூர்மை இழந்துவிடவில்லை. பெண்பிள்ளைகள் நவ்ஸ்-47 ஐக் கட்டாயம் கேட்க வேண்டும். ராப் என்றால் ஆண்கள் மார்தட்டும் பாட்டு என்ற எண்ணத்தை அவர் உடைத்துவிடுவார். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து அகதியாக மீண்டும் லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005 இல் வெளியிட்ட முதல் தொகுப்புக்குத் தம் தந்தையாரின் இயக்கப் பெயரையே சூட்டினார். 2008 இல் அவருடைய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை சென்றது. அதைவிட வெகுசனம் எது? நம் நாட்டிலிருந்தே தமிழில் ராப் பாடிய கிருஷான் மகேசனையும், ‘கடல்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் ‘மகுடி’ பாடிய தினேஷ் கனகரத்தினத்தையும் கேளுங்கள். முன்னவரிலிருந்து தொடங்குவது நல்லது.

அண்டர்கிரவுண்ட் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் எங்கள் இளைஞர்களிடம் ஒன்றைக் கடிந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. எவருடைய தாயையோ தங்கையையோ இழுத்துத் திட்டுவதை அவர்களுள் சிலர் துணிச்சல் என்று நம்புகிறார்கள். கொம்புமுறி வசைப்பாட்டிலும் கொச்சை உண்டு. ஆனால் அது எதிர்ச்சேரியை நேருக்கு நேர் நோக்கிப் பாடப்பட்டது, அங்கேயே பதிலும் வந்தது. திறன்பேசியின் பின்னே ஒளிந்திருந்து, பதில் சொல்ல மேடையில்லாத பெண்களைத் திட்டுவதற்கு அந்த மரபில் இடமில்லை.

இனித் தங்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் என் வேண்டுகோள். எங்கள் ஆலயத் திருவிழாக்களில் இசைக்குழுக்களுக்கு ஓரிரவு ஒதுக்குகிறோம். அவர்கள் பாடுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டுகளே. அந்த இரவில் அரை மணி நேரத்தை, தாமே எழுதிப் பாடும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கணினியில் செய்த ‘பீற்’ எனும் தாளத்துக்குப் பதிலாக அண்ணாவியார் ஒருவரின் மத்தளத்துக்கு அவர்கள் பாடட்டும். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மாணவர்கள் இதில் கைகொடுத்தால் இன்னும் நல்லது. தங்கள் ஞாயிறு இதழில் கவிதைக்கு ஒதுக்கும் இடத்தில் மாதம் ஒருமுறை ஒரு ராப் பாட்டின் வரிகளை, மட்டக்களப்புச் சொற்களைத் திருத்தாமல், அப்படியே அச்சிடுங்கள். முதலாவதாக வெளியிடுவதற்கு, ஒலிவாங்கி நிறுத்தப்பட்ட அந்தப் பாட்டின் முழு வரிகளையும் அந்த மாணவனின் அனுமதியோடு இக்கடிதத்துடன் இணைத்து அனுப்பியுள்ளேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். ‘மறுகா’ என்ற சொல்லை மட்டும் ‘பிறகு’ என்று மாற்றிவிட வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறான்.

இங்ஙனம்,
தமிழாசிரியை ஒருவர்,
களுவாஞ்சிகுடி.