லிங்கன்ஸ் இன்னில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். லண்டன் லிங்கன்ஸ் இன்னில், வாதாடும் வழக்கறிஞர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சேம்பரில் உனக்கு நிலையான இடம் கிடைத்துவிட்டது என்றும், இனிச் சொத்து, வணிகம், தொழில்முறைக் கவனக்குறைவு ஆகிய வழக்குகளையே எடுக்கப்போகிறாய் என்றும் நீ சொன்னபோது, "நல்லதம்மா" என்று மட்டும் சொல்லி நான் வைத்துவிட்டதில் உனக்கு வருத்தம் என்று தம்பி சொன்னான். மனக்குறை ஒன்றுமில்லை. இங்கே சிங்கப்பூர்ச் சைனாடவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், வீடு நிலம் கைமாறும் பத்திர வேலை பார்க்கும் கன்வேயன்சிங் எழுத்தராக இருந்தே ஓய்வு பெற்றவள் நான். உன் மூன்றாவது துறையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது தொலைபேசியில் அடங்காது என்பதால்தான் அன்று பேச்சை முடித்துக்கொண்டேன்.

"கொலை வழக்கெல்லாம் எடுக்க மாட்டாளா?" என்று தேக்காவில் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். மூன்று துறை என்று சொன்னாலும் பெரும்பாலும் அது ஒரே கதைதான் என்று அவர்களுக்கு எப்படி விளக்குவது? 1996இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த மதிப்பீட்டாளர் வழக்கை நீ மனப்பாடமாகவே வைத்திருப்பாய். 15 மில்லியன் பவுண்டு பெறும் என்று மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த சொத்தின் உண்மை மதிப்பு 5 மில்லியன். அந்தத் தாளை நம்பிக் கொடுக்கப்பட்ட கடன் 11 மில்லியன். சந்தை சரிந்த பிறகு விற்றுக் கிடைத்தது இரண்டரை மில்லியனுக்கும் குறைவு. சொத்து, கடன், மதிப்பீட்டாளரின் பிழை ஆகிய மூன்றும் ஒரே கட்டில் வந்து நிற்கின்றன. சந்தை சரிந்ததற்கு மதிப்பீட்டாளர் பொறுப்பாளி அல்லர், தாம் கூட்டிச் சொன்ன 10 மில்லியன் வரைதான் அவர் பொறுப்பு என்று பிரபு ஹாஃப்மன் கோடு போட்டார். 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு இங்கே வீட்டு விலை விழுந்ததை அலுவலகத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் அந்தக் கோடு எனக்கு நியாயமாகவே படுகிறது. விலை விழுந்த பிறகு, யாரோ ஒருவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றிவிடும். 2021இல் உங்கள் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியை மறுபடி எடுத்து, அந்த ஆலோசனை எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்று முதலில் பார்க்கச் சொன்னதாக நீதான் எனக்கு விளக்கினாய்.

ஆனால் என் மனத்தில் நிற்பது வேறு வழக்கு. லிங்கன்ஷியரில் ஒரு தகப்பனார் 1961இல் தம் மகனுக்கு, பத்து ஆண்டுக்குள் பண்ணையை ஏக்கர் 75 பவுண்டுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆப்ஷன் எழுதிக் கொடுத்தார். அவர்களுடைய சொலிசிட்டர், அதாவது கட்சிக்காரரை நேரில் பார்த்துப் பத்திர வேலை செய்யும் வழக்கறிஞர், அதைப் பதிவு செய்யவில்லை. 1967இல் தகப்பனார் மனம் மாறி, ஏறத்தாழ 40,000 பவுண்டு பெறும் அந்தப் பண்ணையைத் தம் மனைவிக்கே 500 பவுண்டுக்கு எழுதி வைத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பிரபு டென்னிங் இது மோசடி என்று கொதித்தார். பிரபுக்கள் சபைக்குப் போனபோது, பதிவாகாத ஆப்ஷன் பணம் கொடுத்து வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது, 500 பவுண்டும் பணம்தான் என்று முடிந்தது. அந்த முடிவு வந்தபோது மகன் உயிரோடு இல்லை. அவருடைய சொத்துகளை நிர்வகித்த வங்கிதான் வழக்கை நடத்தியது. சொலிசிட்டர் மேல் போட்ட வழக்கு மட்டும் வென்றது. ஒப்பந்தப்படியும் பொறுப்பு உண்டு, ஒப்பந்தம் இல்லாமலே கவனக்குறைவின் அடிப்படையிலும் பொறுப்பு உண்டு என்று நீதிபதி ஆலிவர் சொன்னார். குடும்பமே பிரிந்துபோன இந்தக் கதைக்கு வேர், அனுப்பப்படாத ஒரு படிவம்.

இங்கே அந்தப் படிவத்தின் பெயர் கேவியட்: இந்தச் சொத்தில் எனக்கு உரிமை உண்டு என்று பதிவகத்தில் போட்டு வைக்கும் அறிவிப்பு. தனியார் வீடு வாங்குபவர் விலையில் 1 விழுக்காடு கொடுத்து ஆப்ஷன் பெறுவார். வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் இன்னும் 4 விழுக்காட்டுக் காசோலையோடு வந்து கையெழுத்திடுவார். அன்றைக்கே கேவியட் போட்டாக வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் எழுதாத சட்டம். நாளைக்கு என்று தள்ளினால், இடையில் வேறொருவர் நுழைந்துவிடலாம். அதனால்தான் நீங்கள் பள்ளிவிட்டு வந்த பல நாட்களில் நான் வீட்டில் இருந்ததில்லை.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். இங்கே வழக்கறிஞர் ஒருவரே கட்சிக்காரரையும் பார்ப்பார், நீதிமன்றத்திலும் பேசுவார். அங்கே நீ நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர். சொலிசிட்டர் தேர்ந்தெடுத்து, பக்க எண் போட்டு, பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் தொகுப்புதான் உன் கைக்கு வருகிறது. தொகுப்பு வேறு, கோப்பு வேறு. எதிர்த்தரப்பு அலுவலகத்தில் பல ஆண்டு தூங்கிய மூலக் கோப்பை, அட்டையோடும் டேக் நூலோடும் பார்க்க வேண்டும் என்று கேள். பிடிஎஃப்பில் எல்லாத் தாளும் ஒரே வெள்ளையாக இருக்கும். கோப்பில் அப்படி இல்லை. பழைய ஃபேக்ஸ் தாள் சில ஆண்டில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும் என்பதால், வந்தவுடன் நகல் எடுத்துப் பின்னால் கோர்த்து வைப்போம். ஒரு கோப்பில் எல்லா ஃபேக்ஸுக்கும் நகல் இருந்து, ஒன்றுக்கு மட்டும் இல்லாவிட்டால், அன்றைக்கு அந்த மேசையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார் என்று பொருள். கட்சிக்காரரோடு பேசியதைக் குறித்து வைக்கும் அட்டெண்டன்ஸ் நோட்டில் எல்லாம் நீல மையாக இருந்து, கட்சிக்காரரை எச்சரித்த ஒரு வரி மட்டும் கறுப்பில் இருந்தால், அந்த வரி எப்போது எழுதப்பட்டது என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிய தொலைபேசி எண்ணைக்கூட விடாதே.

கோப்பைத் தேதி வரிசையில் படி; முடிவு தெரியாதவளைப் போலப் படி. இது சொல்ல எளிது, செய்யக் கடினம். நட்டம் எவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துகொண்டு பின்னோக்கிப் படிப்பவருக்கு ஒவ்வொரு கடிதமும் அபாயச் சங்காகத் தெரியும். ஆனால் அந்தக் கடிதம் வந்த நாளில், அதே மேசையில் இன்னும் இருபது கோப்புகள் இருந்தன. அவற்றுள் எது பின்னால் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு, அந்த அளவு தெரிந்த, நியாயமான திறமையுள்ள ஒருவர் என்ன செய்திருப்பார் என்பதுதானே உங்கள் அளவுகோல்? நான் பார்த்த வரையில், இந்த வழக்குகளில் அகப்படுபவர்களில் சோம்பேறிகள் குறைவு. ஒரு கோப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிய வாரத்தில்தான் பிழை நடக்கிறது. விடுப்பு, பிரசவம், வேலை மாற்றம் எல்லாம் எந்தத் தேதியில் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்.

காலவரையறை அங்கும் இங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: பொதுவாக 6 ஆண்டு, பின்னால் தெரியவந்தால் அறிந்த நாளிலிருந்து 3, கவனக்குறைவு வழக்குக்கு எப்படியும் 15க்கு மேல் இல்லை. எனவே சாட்சி சொல்ல வருபவருக்கு நினைவே இராது. கோப்பு சொல்வதைத்தான் அவரும் சொல்வார். உங்கள் நடைமுறை விதிப்படி, புகார்க் கடிதம் கிடைத்த 21 நாளில் பதில் போட்டு, பிறகு ஆராய மூன்று மாதம் எடுத்துக்கொள்ளலாமே, அந்த மூன்று மாதமும் எதிர்த்தரப்புக்காரர் தம்முடைய கோப்பை முதல்முறையாக வெளியாள் கண்ணால் பார்க்கும் காலம். அதற்குள் அவசரப்பட்டு விரட்டாதே. நல்ல சமரசங்கள் பல அப்போதுதான் பிறக்கின்றன.

இந்த மாதம் நட்டப்பட்டவருக்காகவும் அடுத்த மாதம் பிழை செய்தவரின் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கமும் பேசுவாய் என்பதில் எனக்குச் சங்கடம் இல்லை. வாதாடியதற்காக வழக்குப் போட முடியாது என்று பாரிஸ்டர்களுக்கு இருந்த பாதுகாப்பையும் 2000இல் பிரபுக்கள் சபை எடுத்துவிட்டதால், நீயும் ஒருநாள் அந்தப் பக்கம் உட்கார நேரலாம். கட்சிக்காரரோடு கான்ஃபரன்ஸ் (ஆலோசனைக் கூட்டம்) முடிந்த அன்றே குறிப்பு எழுதி வை. களைப்பாக இருக்கிறது என்று மறுநாளுக்குத் தள்ளாதே.

இன்னொன்று. உன் மாமா லண்டனில், கட்டி முடிக்காத ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்; ஆர்ச்சர்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் நடந்த கண்காட்சியில் பிடித்துப்போனதாம். குத்தகை எத்தனை ஆண்டு, பராமரிப்புக் கட்டணம் யார் கையில் என்றெல்லாம் உன்னிடம் வாட்ஸ்அப்பில் கேட்கப்போகிறார். 2022 சட்டத்துக்குப் பிறகு அங்கே புதிய குத்தகைகளில் பெரும்பாலும் நிலவாடகை வாங்க முடியாது என்பதை மட்டும் நானே சொல்லிவிட்டேன். நண்பர்களின் தோட்ட வேலைக்குக் கட்டணம் வாங்காமல் உதவப்போன கட்டடக் கலைஞருக்கும் கவனக் கடமை உண்டு என்று உங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் சொன்னதே. கடைசியில் அவர் ஜெயித்தார் என்றாலும் அதற்குள் எத்தனை ஆண்டு, எத்தனை செலவு! ஆகவே "பார்த்தேன் மாமா, நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஒரு வரிகூடப் போட்டுவிடாதே. அங்கே நம்பிக்கையான சொலிசிட்டர் இருவர் மூவர் பெயரை எனக்கு அனுப்பு. நான் மாமாவிடம் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் அழைப்பார். கோபித்துக்கொண்டால் அம்மாதான் சொல்லக்கூடாது என்றாள் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா