பழைய பிளக்குகளைத் தூக்கி எறியாதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளும் நம்மைப் போல ரிமோட்டில் ஓடும் மாடல் கார் ஓட்டத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தி நிறைவாக இருந்தது. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். பெரியவர்கள் பலருக்கே வராத பழக்கம் அது. என் பழைய எஞ்சினுக்குப் பின்பக்க பேரிங்கை மாற்றி மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். கரகரப்பு போய்ச் சத்தம் தெளிந்துவிட்டது.

இனி உன் மாடல் காரின் 3.5 சிசி எஞ்சினைப் பற்றி. புது க்ளோ பிளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் சிவந்த இழை கொண்ட பிளக்) போட்டதும் நன்றாகப் பிடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் முழு வேகத்தில் அணைந்துவிடுகிறது, கழற்றினால் இழை போயிருக்கிறது என்கிறாய். வேறு நிறுவனத்தின் பிளக்கை வாங்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. ஒரு பிளக் போனால் அது பிளக்கின் குறையாக இருக்கலாம். அடுத்தடுத்துப் போனால் எஞ்சினுக்குள் ஏதோ நடக்கிறது, பிளக் அதைக் காட்டிக்கொடுக்கிறது. போன பிளக்குகளை எறியாமல் வைத்திருந்தால் பாதி விடை உன் கையில் இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு எரிதலுக்கும் பொறி விடும். நம் பிளக்குக்குப் பொறியே கிடையாது. பிளாட்டினக் கலவையால் ஆன சிறு சுருள் இழைதான் அதன் உயிர். தொடக்கத்தில் இக்னைட்டரின் (பிளக்கில் மாட்டும் சிறு பேட்டரிக் கருவி) மின்சாரம் அதைச் சூடேற்றுகிறது. இக்னைட்டரை எடுத்த பிறகு, எரிபொருளில் உள்ள மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தின் மேற்பரப்பில் வினைபுரிந்து வெளியிடும் வெப்பமும், முந்தைய எரிதலின் வெப்பமும், பிஸ்டன் அமுக்கும் அழுத்தமும் சேர்ந்து இழையைச் சிவந்தபடியே வைத்திருக்கின்றன. எந்த நொடியில் தீப்பிடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கத் தனிக் கருவி இல்லை. அழுத்தம், காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை, இழையின் சூடு மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. கலவையில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும், தீ முன்கூட்டியே பிடிக்கும், பிஸ்டன் இன்னும் மேலே வந்துகொண்டிருக்கும்போதே வெடிப்பு இழையைத் தாக்கும். இவ்வளவு மெல்லிய கம்பி எத்தனை அடி தாங்கும்?

ஆகவே இழையை ஒரு லென்ஸ் வைத்து நிதானமாகப் பார். பளபளப்பாக, ஈரமாக, சுருள் குலையாமல் இருந்தால் கலவையில் எரிபொருள் தாராளமாகப் போகிறது, பிளக்குக்கு ஆபத்தில்லை. சாம்பல் நிறமாகி, மங்கி, சுருள் கோணியிருந்தால் எரிபொருள் போதவில்லை. இழை பிளக்கின் குழிக்குள் நசுங்கிப் போயிருந்தால் அழுத்தம் மிஞ்சிவிட்டது. மெத்தனாலோடு கலக்கும் நைட்ரோமீத்தேனின் விழுக்காடு கூடிய எரிபொருளுக்கு மாறும்போது இது வரும், சிலிண்டர் தலைக்கு அடியில் 0.1 மில்லிமீட்டர் ஷிம் (மெல்லிய உலோக வளையம்) ஒன்று கூடுதலாகப் போட்டால் அடங்கும். இழையின் மேல் பொடிப்பொடியாக உலோகத் துகள் ஒட்டியிருந்தால் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிடு. பேரிங்கோ, பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடோ தேய்கிறது. அந்தத் துகள் பிளாட்டினத்தை மூடிவிட்டால், இழை அறாமல் இருந்தாலும் வினை மங்கிப்போகும். இக்னைட்டரில் வைத்தால் சிவக்கும், எஞ்சினில் போட்டால் நிற்காது. ‘பிளக் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். என் எஞ்சினின் பேரிங் போனதையும் ஒட்டியிருந்த அந்தத் துகள்தான் சொன்னது.

உன் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. த்ராட்டிலை மூடிய பிறகும் எஞ்சின் உடனே தணியாமல் சிறிது நேரம் உயர்ந்த வேகத்திலேயே ஓடுகிறது என்கிறாயே, அது காற்றுக் கசிவின் அடையாளம். கார்புரேட்டர் வழியாக அன்றி வேறு எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது. அதனால்தான் நீ எரிபொருளின் அளவை மாற்றும் கார்புரேட்டர் ஊசியை எவ்வளவு திருகியும் கலவை ஓரிடத்தில் நிற்கவில்லை. ‘இன்னும் குளிர்ந்த பிளக் போடு’ என்று யாரோ உனக்குச் சொன்னார்களாமே, அதாவது இழை குறைவாகச் சூடாகும் வகை; இந்த நிலையில் அதைப் போட்டால் இழை சில நாள் கூடுதலாகத் தாங்கலாம். ஆனால் அதற்குள் பிஸ்டனும் அது ஓடும் ஸ்லீவும் (சிலிண்டரின் உள்குழாய்) வெந்துபோகும். அந்த யோசனையை உனக்குச் சொன்னவரோடு நான் உடன்படவில்லை.

எஞ்சினைக் காரிலிருந்து கழற்று. பிஸ்டனைக் கீழே இறக்கி, காற்று நுழையும் வாயையும் புகைபோக்கும் வாயையும் இறுக அடைத்துவிட்டு, எரிபொருள் நுழையும் முனையில் குழாய் மாட்டித் தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாக ஊது. குமிழி எங்கே வருகிறதோ அங்கே கசிவு. பெரும்பாலும் கார்புரேட்டரின் அடிப்பகுதியிலோ பின்மூடியிலோதான் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்துவிட்டு, சூடு தாங்கும் சிலிக்கோன் பசையை மெல்லிய கோடாகப் பூசி மாட்டினால் போதும். முன் பேரிங் வழியாக ஒன்றிரண்டு குமிழி வந்தால் கவலைப்படாதே. சோதனை முடிந்ததும் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றி உள்ளே எண்ணெய் விட மறக்காதே. ஈரம் தங்கினால் பேரிங் துருப்பிடித்து, நான் மேலே சொன்ன துகள் கதை தொடங்கிவிடும். எரிபொருள் குழாயில் ஊசித்துளை, டேங்க் மூடியின் ரப்பர் வளையம் இரண்டையும் கூடவே பார்த்துவிடு.

கசிவை அடைத்த பின் ஊசிகளை எரிபொருள் மிகுந்த நிலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று என்ற அளவில் மட்டும் மூடு. தலையின் சூட்டைப் பார்த்துக்கொண்டே செய். 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் எனக்கு நிம்மதி. வெப்பமானி இல்லையென்றால் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. மூன்று நான்கு விநாடியில் ஆவியானால் சரி. விழுந்த கணமே சீறிப் பறந்தால் ஊசியைத் திற.

இக்னைட்டரையும் ஒருமுறை அளந்துவிடு. பிளக்குக்கு வேண்டியது 1.2 முதல் 1.5 வோல்ட் வரைதான். இரண்டு செல்களைத் தொடராக இணைத்தால் இழை அப்போதே கருகிவிடும்.

அறுந்த இழையின் துண்டு காணவில்லையென்றால் அது உள்ளேதான் கிடக்கும். புது பிளக் மாட்டும் முன் எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து எரிபொருள் விட்டுக் கழுவு. இல்லாவிட்டால் ஸ்லீவில் கீறல் விழும்.

மகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவை. மெத்தனால் எரியும்போது பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. சிவந்த பிளக்கைச் சோதிக்கும் மேசையில் எரிபொருள் புட்டி இருக்கவே கூடாது.

குமிழி எங்கே வந்தது, போன பிளக்குகளின் இழை என்ன நிறத்தில் இருக்கிறது, இப்போது எத்தனை விழுக்காடு நைட்ரோ ஊற்றுகிறாய், மூன்றையும் எழுது. ஷிம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்