சம்பளம் உயரும்போது இ.எஸ்.ஐ. போய்விடுகிறது: கடலூர்ப் பக்கத்துச் சிறு முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பண்ருட்டியில் முந்திரி ஆலையும், நெல்லிக்குப்பம் பக்கம் பட்டறையும், முதுநகரில் ஐஸ் ஃபாக்டரியும், மஞ்சக்குப்பத்தில் கடையும் நடத்தும் முதலாளிமார்களுக்கு வணக்கம்.

உங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். வருஷா வருஷம் இன்கிரிமென்ட் பட்டியல் வரும்போது ஒரு வரியை மட்டும் நான் இரண்டு முறை பார்ப்பேன். சூப்பர்வைசருக்கோ பழைய மெஷின் ஆபரேட்டருக்கோ 20,000 என்று இருந்தது 22,000 ஆகியிருக்கும். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் அந்த ஒரு திருத்தத்தில் அவர் குடும்பமே இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறது. இது உங்களில் எத்தனை பேருக்குத் தெரிந்து நடக்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2017-இல் வைத்த வரம்பு இது. உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75 சதவீதம். 20,000 சம்பளத்துக்கு நீங்கள் 650 கட்டுகிறீர்கள், அவரிடம் 150 பிடிக்கிறீர்கள். இந்த 800 ரூபாய்க்கு அவருக்கும் மனைவி பிள்ளைகளுக்கும், அவரையே நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் கிடைக்கிறது. சர்க்கரை இருக்கிறதா, பழைய நோய் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்தச் சந்தா கட்டிய நாட்கள் போதுமான அளவு இருந்தால், உடம்பு முடியாமல் படுக்கும் நாட்களுக்கு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் அடிபட்டு உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம். டிஸ்பென்சரியில் கூட்டம், கேட்ட மருந்து இல்லை என்ற புலம்பல் எனக்கும் தெரியும். இருந்தாலும் இந்த விலைக்கு இவ்வளவையும் தரும் தனியார் பாலிசி எதையும் நான் பார்த்ததில்லை.

சம்பளம் வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே உயர்வு என்றால் அந்த மாதமே பிடித்தம் நின்றுவிடும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் ஆறு மாதச் சந்தாக் காலத்தின் நடுவில் உயர்த்தினால் செப்டம்பர் கடைசியோ மார்ச் கடைசியோ வரை ஓடும். பலன் அதற்குப் பிறகும் சில மாதம் நீளும். அப்புறம் முடிந்தது. கையில் 2,000 ரூபாய் கூடுதலாக வருகிறது, அடுத்த பிரசவத்துக்கோ அம்மாவின் கண் ஆபரேஷனுக்கோ அவர் கடன் வாங்க வேண்டும்.

உங்கள் பக்கம் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். மாதம் 650 மிச்சம், வருஷத்துக்கு 7,800. அந்தப் பணம் எந்த லெட்ஜரிலும் தனியாக நிற்பதில்லை, செலவோடு செலவாகக் கரைந்துவிடுகிறது. என் வேண்டுகோள் ஒன்றுதான்: இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் அந்த 7,800-ஐ எடுத்து வைத்து, அதிலிருந்து அவரைக் குழு மருத்துவப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். ஏழு பேர் இருந்தாலே குழுப் பாலிசி தரும் கம்பெனிகள் இருக்கின்றன. (சம்பளத்தை 21,000-க்குள் காட்டி மீதியைக் கையில் கொடுக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். ஆய்வு வந்தால் பாக்கியும் வட்டியும் சேர்ந்து வரும். அவருக்கோ பேங்க் லோன் முதல் கிராஜுவிட்டி வரை எல்லாம் குறையும்.)

சரி, பாலிசி எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் மூன்று கொட்டேஷன் கொண்டு வருவார். பிரீமியம் குறைவாக இருப்பதில் நாம் டிக் அடித்துவிடுகிறோம். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. 2 லட்சம் கவரேஜ், அறை வாடகை நாளுக்கு 1 சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். அதாவது 2,000 ரூபாய். உங்கள் ஆள் பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் 4,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் படுத்தார் என்று வையுங்கள். அறை 20,000, டாக்டர், தியேட்டர், நர்ஸிங் 60,000, மருந்தும் டெஸ்ட்டும் 40,000. மொத்தம் 1,20,000. கவரேஜ் 2 லட்சம் இருக்கிறதே, முழுவதும் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அறை வாடகை வரம்பைப் போல இரண்டு மடங்கு என்பதால் அறைக் கட்டணம் பாதியாகும். கூடவே டாக்டர், தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாகும். மருந்து, டெஸ்ட்டில் இப்படி வெட்டக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஆக, கம்பெனி 80,000 கொடுக்கும், மீதி 40,000 அவர் தலையில். முதலாளி ஏமாற்றிவிட்டார் என்றுதான் வெளியே பேச்சு வரும். அறை வாடகைக்கு வரம்பில்லாத பாலிசி, அல்லது நம் ஊர்ப் பக்கத்து வாடகைக்கு ஒத்துவரும் வரம்பு, இதைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்க வேண்டியது இன்னும் உண்டு. பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் (கிளெய்ம் கிடைக்காத தொடக்க காலம்) தள்ளுபடியா, பிரசவத்துக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். குழுப் பாலிசியின் பெரிய லாபமே இந்தத் தள்ளுபடிகள்தான், அவை இல்லாத குழுப் பாலிசிக்கு ஏன் காசு? கேஷ்லெஸ், அதாவது கையிலிருந்து பணம் கட்டாமல் வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரிப் பட்டியலில் சென்னைப் பெயர்களைக் காட்டி மயக்குவார்கள். கடலூரிலும் பாண்டியிலும் சிதம்பரத்திலும் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று 2024-இல் ஆணையம் சொல்லிவிட்டது. உங்கள் ஆள் கவுண்டரில் நிற்கும்போது இது தெரிந்திருந்தால் தைரியமாகக் கேட்பார். பெற்றோரையும் சேர்த்தால் பிரீமியம் எகிறும். அவர்களுக்கான தொகையைத் தொழிலாளியே கட்டும் ஏற்பாடு வைக்கலாம், அதில் தவறில்லை.

வரி விஷயம் இரண்டே வரி. நீங்கள் கட்டும் பிரீமியம் தொழில் செலவு, அவர் கையில் அதற்கு வருமான வரி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. போய்விட்டது, குழுப் பாலிசிக்கு 18 சதவீதம் இருக்கிறது, கொட்டேஷனை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

விபத்துப் பாலிசியில் ஒரு குழப்பம் எல்லோரிடமும் இருக்கிறது. குழு விபத்துப் பாலிசி எடுத்துவிட்டோம், இனி எங்கள் பொறுப்பு தீர்ந்தது என்கிறீர்கள். அந்தப் பாலிசி தொழிலாளிக்குத் தரும் பலன். வேலையில் அடிபட்டால் நீங்கள் தர வேண்டிய சட்டப்படியான இழப்பீடு வேறு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு அதை இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும். இல்லாதவருக்கு நீங்கள்தான். 10 பேர்கூட இல்லாததால் இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறையில் 12,000 சம்பளம் வாங்கும் 30 வயதுக்காரர் வேலையில் அடிபட்டு இறந்தால் கணக்கு இப்படி: சம்பளத்தில் பாதி 6,000, சட்டத்தின் பட்டியலில் வயதுக்கான காரணி 207.98, பெருக்கினால் 12,47,880 ரூபாய். சின்னப் பட்டறை இதைத் தாங்குமா? 2011 தானே புயலுக்குப் பிறகாவது ஷெட்டுக்கும் சரக்குக்கும் பாலிசி எடுக்க வேண்டும் என்று நமக்கு உறைத்தது. தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி அதற்குச் சற்றும் குறைந்த தேவை இல்லை.

10 பேர்கூட இல்லாத கடைக்காரர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று விட வேண்டாம். பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு, இரண்டும் இருக்கின்றன. ஆயுள் காப்பீட்டில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும். தலைக்கு 456 ரூபாயை நீங்களே கொடுத்துவிடலாம். மே மாதக் கடைசியில் அக்கவுண்டில் பணம் இல்லாவிட்டால் பாலிசி விழுந்துவிடும், அந்த மாதச் சம்பளத்தைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் உள்ள குடும்பத்திடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கடைசியாக, பாலிசிப் புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். யாருக்கெல்லாம் கவரேஜ், எவ்வளவு, அறை வரம்பு என்ன, எந்த ஆஸ்பத்திரி, எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், இதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அட்டையோடு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் பெயரையும் பிறந்த குழந்தையின் பெயரையும் அந்தந்த மாதமே கம்பெனிக்கு அனுப்புங்கள், அனுப்பாத பெயருக்கு கிளெய்ம் வராது. வேலையை விட்டுப் போகிறவருக்கு அதே கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் உரிமை உண்டு, காத்திருந்த காலமும் கணக்கில் சேரும். கணக்கு முடித்து அனுப்பும் அன்றே அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு சம்பளக் கணக்காளன்